பள்ளி திறக்குமுன் திருப்ப வேண்டிய கடிகாரம்

புத்தகப் பை வாங்கியாயிற்று. வெள்ளைச் சட்டையும் பச்சைக் காற்சட்டையும் அளவு பார்த்து எடுத்தாயிற்று. குறிப்பேடுகளுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதி ஒட்டும் வேலைதான் பாக்கி. 2026ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் கல்வியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. எனவே, ஆண்டிறுதி விடுமுறையின் கடைசி இரண்டு வாரங்களில் பெரும்பாலான வீடுகளில் இந்தக் காட்சிதான்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியரோ வேறொரு காட்சியைப் பார்க்கிறார். புதுச் சட்டை, புதுக் காலணி, புதுப் பை, அவற்றுக்கு நடுவே பாதி மூடிய கண்கள். முதல் பாடவேளையில் கேள்வி கேட்டால் பதில் வர வெகுநேரம் ஆகிறது. அதே மாணவர் காலை மணி 11க்கு மேல் நன்றாகப் பேசுகிறார், சிரிக்கிறார், கணக்கும் போடுகிறார். பெரியவர்கள் அவரைச் 'சோம்பேறி' என்று சொல்லிவிடுகிறோம். 'விடுமுறையில் மூளை துருப்பிடித்துவிட்டது' என்றும் சொல்கிறோம். சில மாணவர்கள் அதை நம்பியும் விடுகிறார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து படிவம் ஒன்றுக்கு வந்தவர் என்றால் சிரமம் இரண்டு மடங்கு. பள்ளி புதிது, நண்பர்கள் புதியவர்கள், பாடம் நடக்கும் மொழியும் மாறிவிட்டது. தூக்கக் கலக்கத்தில் ஒன்றும் புரியாமல் போனால், 'எனக்கு அறிவியல் வராது' என்று முதல் மாதத்திலேயே முடிவு கட்டிவிடுவார். அந்த முடிவை மாற்றுவது பிறகு எளிதில்லை.

மாணவர்களே, பல வேளைகளில் உங்கள் மூளையில் ஒரு குறையும் இல்லை. அதற்குள் இருக்கும் கடிகாரம் இன்னும் விடுமுறை நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால், பள்ளி திறக்குமுன் அதை நீங்களே திருப்பி வைக்கலாம். காசு செலவில்லை. ஆனால் ஒரே இரவில் முடிகிற வேலையும் இல்லை.

தலைக்குள் ஓடும் கடிகாரம்

பள்ளித் திடலின் ஓரத்தில் தொட்டாற்சிணுங்கியைப் பார்த்திருப்பீர்கள். தொட்டால் மட்டுமன்றி, இருட்டினாலும் அதன் இலைகள் மூடிக்கொள்ளும். விடிந்ததும் விரியும். 1729ஆம் ஆண்டில் ஜான் ஜாக் தெ மேரான் என்ற பிரெஞ்சு அறிஞரின் ஆய்வு வெளிவந்தது. அவர் இத்தகைய செடி ஒன்றை நாள் முழுவதும் இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாத இடத்திலும் அதன் இலைகள் பகல் நேரத்தில் விரிந்தன, இரவு நேரத்தில் மூடின. வெளியே பார்க்காமலேயே செடிக்கு நேரம் தெரிந்திருக்கிறது! உயிரினங்களுக்குள் நேரம் காட்டும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சான்றுகளில் இது ஒன்று.

நமக்கும் அப்படி ஒன்று உண்டு. இரண்டு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடிப்பகுதியில் ஓரிடத்தில் குறுக்கிடுகின்றன. அந்த இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி இருக்கிறது. இதன் பெயர் சுப்ராகயாஸ்மாட்டிக் உட்கரு. பெயர் நீளம், அளவோ மிகச் சிறிது. உடல் வெப்பநிலை எப்போது குறைய வேண்டும், தூக்கம் எப்போது வர வேண்டும், எப்போது விழிப்புத் தட்ட வேண்டும் என்பதையெல்லாம் வழிநடத்தும் தலைமைக் கடிகாரம் இதுதான். உடலின் அணுக்களுக்குள் இத்தகைய கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்து விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கல் ராஸ்பாஷ், மைக்கல் யங் ஆகிய மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தக் கடிகாரத்தில் ஒரு சிறு வேடிக்கை உண்டு. பெரும்பாலோருக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமானது. அப்படியே விட்டால் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். அதைத் தினமும் சரிசெய்வது வெளிச்சம். நம் விழித்திரையில் கோல் அணுக்கள், கூம்பு அணுக்கள் இருப்பதைப் படித்திருப்பீர்கள். அவை தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட இன்னொரு வகை அணுக்களும் உள்ளன. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி இவற்றை நன்கு தூண்டும். இவற்றின் முக்கிய வேலை, 'வெளியே பகல்' அல்லது 'வெளியே இரவு' என்று தலைமைக் கடிகாரத்துக்குத் தகவல் சொல்வது. இருள் என்ற தகவல் போனால் பினியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், உடல் தூக்கத்துக்குத் தயாராகும். இரவு மணி 12க்குக் கைப்பேசித் திரையை முகத்துக்கு நேரே வைத்திருந்தால் என்ன தகவல் போகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

உங்கள் வயதில் கடிகாரம் ஏன் தாமதமாகிறது?

'தம்பி எட்டரை மணிக்கே தூங்கிவிடுகிறான், இவளுக்கு மட்டும் பதினோரு மணியானாலும் தூக்கம் வரவில்லை' என்று அம்மாக்கள் குறைப்படுவது உண்டு. இதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. பூப்புப் பருவத்தில் மெலடோனின் சுரக்கத் தொடங்கும் நேரம் பின்னால் நகர்கிறது. சிறுவயதோடு ஒப்பிட்டால் ஒரு மணி நேரம், சிலருக்கு இரண்டு மணி நேரம்கூடத் தாமதமாகும். நாள் முழுவதும் விழித்திருக்கும்போது மூளையில் சேரும் 'தூக்க அழுத்தமும்' இந்த வயதில் மெதுவாகவே கூடுகிறது.

ஆனால் தேவையான தூக்கத்தின் அளவு அந்த அளவுக்குக் குறைவதில்லை. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. காலை மணி 5.40க்கு எழ வேண்டிய மாணவர் 8 மணி நேரம் தூங்க வேண்டுமானால் இரவு மணி 9.40க்குத் தூங்கியிருக்க வேண்டும். அவருடைய கடிகாரமோ அப்போதுதான் சுறுசுறுப்பாக இருக்கிறது. இந்த இழுபறியில் தோற்பது தூக்கம்தான்.

சூரியனுக்கு முன்னே ஓடும் பள்ளி மணி

தீபகற்ப மலேசியாவில் வாழும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதைப் புரிந்துகொள்ளப் புவியியல் பாடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்துவோம்.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் நாட்டின் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 8 மணி முன்னதாக உள்ளது. அது 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்குப் பொருந்தும் நேரம். கோலாலம்பூர் இருப்பதோ ஏறக்குறைய 101.7 பாகையில். வித்தியாசம் 18.3 பாகை. நான்கால் பெருக்கினால் சுமார் 73 நிமிடம். நம் சுவர்க் கடிகாரம் சூரியனைவிட 73 நிமிடம் முன்னே ஓடுகிறது என்று பொருள். காலை மணி 5.30க்கு அலாரம் அடிக்கும்போது சூரியக் கணக்கில் மணி 4.17தான்!

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1981ஆம் ஆண்டு வரை தீபகற்பத்தின் நேரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம் முன்னதாக இருந்தது. சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காக, 1981 டிசம்பர் 31 இரவு மணி 11.30 ஆனபோது கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. 1982 புத்தாண்டு அரை மணி நேரம் முன்னதாகவே பிறந்தது. சிங்கப்பூரும் அதே நேரத்துக்கு மாறியது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், சிலருக்கு நினைவிருக்கும்.

இதன் விளைவைப் பாருங்கள். ஜனவரி நடுப்பகுதியில் கோத்தா கினபாலுவில் காலை ஏறக்குறைய மணி 6.30க்குச் சூரியன் உதித்துவிடும். கோலாலம்பூரில் மணி 7.20ஐத் தாண்டும். அலோர் ஸ்டாரில் மணி 7.30ஐயும் தாண்டிவிடும். தீபகற்பத்தில் பள்ளிகள் தொடங்குவது ஏறக்குறைய மணி 7.30க்கு. ஆகவே எழுவது, குளிப்பது, பசியாறுவது, பேருந்துக்குக் காத்திருப்பது எல்லாம் இருட்டிலேயே நடக்கின்றன. கடிகாரத்தைச் சரிசெய்யும் காலை வெளிச்சம், நீங்கள் பள்ளி வாசலுக்கு வந்த பிறகுதான் கிடைக்கிறது.

தூங்கும் நேரத்தில் நடக்கும் வேலை

'கொஞ்சம் தூக்கம் குறைந்தால் என்ன, ஞாயிற்றுக்கிழமை சேர்த்துத் தூங்கிக்கொள்ளலாம்' என்று தோன்றலாம். பகலில் படித்தது முதலில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் துணையோடு பதிகிறது. அந்தப் பதிவு நிலையற்றது. ஆழ்ந்த தூக்கத்தில் மூளை பகலில் நடந்ததை மீண்டும் ஓட்டிப் பார்த்து, நீண்டகால நினைவாக உறுதிப்படுத்துகிறது. தூக்கம் குறைந்தால் இரண்டு பக்கமும் நட்டம். நேற்றுப் படித்தது சரியாகப் பதிவதில்லை. இன்று புதிதாகப் படிப்பதற்கான கவனமும் குறைகிறது. எரிச்சலும் கோபமும் எளிதில் வருகின்றன. புதிய பள்ளியில் புது நண்பர்களைத் தேடும் வேளையில் இதுவும் ஒரு தடைதான்.

வார இறுதியில் நண்பகல் வரை தூங்கினால் களைப்பு ஓரளவு தீரும். ஆனால் கடிகாரம் மறுபடி பின்னால் போய்விடும். வாரத்தின் முதல் பள்ளி நாளில் பழைய கதைதான். வெளியூர் போகாமலேயே ஒவ்வொரு வாரமும் நேர மண்டலம் மாறுவது போன்ற இந்த நிலையை ஆய்வாளர்கள் 'சமூக விமானக் களைப்பு' என்கிறார்கள்.

ஏன் ஒரே நாளில் மாற்ற முடியாது?

விடுமுறையில் இரவு மணி 2க்குத் தூங்கிக் காலை மணி 10க்கு எழும் மாணவரை எடுத்துக்கொள்வோம். பள்ளி திறக்கும் நாளில் திடீரென்று 5.40க்கு எழுகிறார். ஒரே நாளில் 4 மணி 20 நிமிட மாற்றம். விமானத்தில் பறந்து நேர மண்டலம் மாறுபவர்களின் உடல்கூட ஒரு மணி நேர மாற்றத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு நுட்பம் இருக்கிறது. நம் உடல் வெப்பநிலை, வழக்கமாக எழும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்துக்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே நகர்த்தும். அதற்கு முன் படும் வெளிச்சம் பின்னே தள்ளும். 10 மணிக்கு எழுந்து பழகியவருக்கு அந்த நேரம் காலை மணி 7 அல்லது 8 ஆக இருக்கும். அவர் 5.40க்கே எழுந்து விளக்கைப் போட்டால், அவருடைய கடிகாரத்துக்கு அது நள்ளிரவு வெளிச்சம். சீக்கிரம் எழுந்தும்கூட, கடிகாரம் இன்னும் பின்னால் போகக்கூடும். அதனால்தான் படிப்படியாக நகர்த்த வேண்டும்.

இரண்டு வாரத் திட்டம்

நாளுக்கு 20 நிமிடம் என்று நகர்த்தினால் 13 நாளில் 260 நிமிடம், அதாவது 4 மணி 20 நிமிடம். மேலே சொன்ன மாணவருக்கான அட்டவணை இது:

4ஆம் நாள்: எழுவது காலை மணி 8.40, படுப்பது இரவு மணி 12.40.
7ஆம் நாள்: எழுவது 7.40, படுப்பது 11.40.
10ஆம் நாள்: எழுவது 6.40, படுப்பது 10.40.
13ஆம் நாள்: எழுவது 5.40, படுப்பது 9.40.

உங்கள் விடுமுறை நேரம் வேறாக இருந்தால் அதற்கேற்பக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கூடவே சில பழக்கங்களும் வேண்டும்.

முதலில் எழும் நேரத்தைப் பிடியுங்கள். தூக்கம் வராமல் படுக்கையில் புரள்வதால் பயனில்லை. குறித்த நேரத்தில் எழுந்துவிட்டால், இரவில் தூக்கம் தானே முன்னால் வரும்.

எழுந்ததும் வெளியே போங்கள். வீட்டு விளக்கின் வெளிச்சம் பொதுவாகச் சில நூறு லக்ஸ்தான். மேகமூட்டமான பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். துணி உலர்த்துங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், பக்கத்துக் கடைக்கு நடந்து போய் ரொட்டி சானாய் வாங்கி வாருங்கள். 20, 30 நிமிடம் போதும். சூரியனை நேராக மட்டும் பார்க்க வேண்டாம். கடைசி நாள்களில் நீங்கள் எழும்போது வெளியே இருட்டாக இருக்கும். அப்போது வீட்டு விளக்குகளைப் போட்டுக்கொண்டு, விடிந்ததும் வெளியே வாருங்கள்.

படுக்கப் போகுமுன் ஒரு மணி நேரம் வெளிச்சத்தைக் குறையுங்கள். கைப்பேசி வரவேற்பறையில் தூங்கட்டும். அலாரத்துக்குத்தான் கைப்பேசி என்றால், ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் அந்த வேலையைச் செய்யும்.

பசியாறும் நேரத்தையும் நகர்த்துங்கள். கல்லீரல் போன்ற உறுப்புகளுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அவற்றுக்கு உணவு வேளை ஒரு முக்கியமான குறிப்பு.

மாலை 4 மணிக்குமேல் தே தாரிக், காப்பி, கோலா வேண்டாம். விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை அழைக்கிறது. காஃபின் அதன் வாசலில் போய் உட்கார்ந்து வழியை மறிக்கும். குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும்.

பகலில் கண் சொக்கினால் 20 நிமிடம் மட்டும், அதுவும் மாலைக்கு முன்பே தூங்குங்கள்.

பள்ளி திறந்த பிறகு சபைகூடலின்போதும் ஓய்வு நேரத்திலும் கிடைக்கும் வெளிச்சத்தை விடாதீர்கள். வார இறுதியில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்குமேல் தாமதமாக எழாதீர்கள்.

பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருக்கிறதா? அப்படியானால் இன்றே தொடங்குங்கள். பாதி தூரம் நகர்த்தினாலும் முதல் வாரத்தின் சுமை குறையும். ஒரே அறையில் நான்கு பேர் படுக்கும் வீடுகள் உண்டு. இரவு வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பதிலாகத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் மாணவர்களும் உண்டு. படுக்கும் நேரம் உங்கள் கையில் இல்லையென்றால், எழும் நேரத்தையும் காலை வெளிச்சத்தையும் மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள். மாலை நேரப் பள்ளியில் பயில்பவர்களும் எழும் நேரத்தை நண்பகலுக்குத் தள்ளிவிடாமல் நிலையாக வைத்துக்கொள்வது நல்லது. போதுமான நேரம் தூங்கியும் பகலெல்லாம் தூக்கம் வருகிறது, இரவில் பலத்த குறட்டை வருகிறது என்றால், பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

பெற்றோர் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கைப்பேசியை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, வரவேற்பறையில் தொலைக்காட்சியை நள்ளிரவு வரை ஓடவிட்டால் திட்டம் பலிக்காது. வீடு முழுவதும் சேர்ந்து விளக்கைத் தணித்தால் பிள்ளையின் கடிகாரம் தானே ஒத்துழைக்கும்.

பள்ளி மணியையே மாற்றினால்?

'எங்களைச் சீக்கிரம் தூங்கச் சொல்வதைவிடப் பள்ளியைத் தாமதமாகத் தொடங்கலாமே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் சியாட்டல் நகரில் 2016ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரம் காலை மணி 7.50லிருந்து 8.45க்கு மாற்றப்பட்டது. மாணவர்களின் அன்றாடத் தூக்கம் 34 நிமிடம் கூடியதாக ஆய்வாளர்கள் அளந்து கண்டனர். கலிஃபோர்னியா மாநிலத்தில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை மணி 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே உண்டு. நமக்கு அருகில், சிங்கப்பூரின் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016இல் தன் தொடக்க நேரத்தை 45 நிமிடம் தள்ளிவைத்தது. 9 மாதங்களுக்குப் பிறகும் மாணவிகள் முன்பைவிடச் சுமார் 10 நிமிடம் கூடுதலாகப் படுக்கையில் இருந்தனர். பகல் சோர்வும் குறைந்திருந்தது.

10 நிமிடம் சிறிதாகத் தெரியலாம். ஆனால் மாணவிகள் கூடுதல் நேரம் முழுவதையும் இரவில் விழித்திருந்து செலவழித்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் பள்ளிகளின் நேரத்தை முடிவு செய்வதில் பேருந்துப் பயணம், பெற்றோரின் வேலை நேரம், இரு நேரப் பள்ளிகள் என்று பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. அந்த விவாதம் நடக்க வேண்டும். அது முடியும்வரை உங்கள் கடிகாரம் காத்திருக்க வேண்டியதில்லை.

செய்து பாருங்கள்

இன்றிலிருந்து ஒரு குறிப்பேட்டில் நான்கு பத்திகள் வரையுங்கள்: தேதி, தூங்கிய நேரம், எழுந்த நேரம், காலையில் வெளியே இருந்த நிமிடங்கள். ஒவ்வொரு நாளும் தூங்கியதற்கும் எழுந்ததற்கும் நடுவிலுள்ள நேரத்தைக் கணக்கிடுங்கள். இரவு மணி 2 முதல் காலை மணி 10 வரை தூங்கினால் நடுநேரம் காலை மணி 6. பள்ளி நாளில் இரவு மணி 11 முதல் காலை மணி 5.30 வரை தூங்கினால் நடுநேரம் விடியற்காலை மணி 2.15. வித்தியாசம் 3 மணி 45 நிமிடம். ஜனவரியில் கோலாலம்பூருக்கும் சிட்னிக்கும் உள்ள நேர வேறுபாடே 3 மணிதான்! கடப்பிதழ் இல்லாமலேயே அதைவிட நீண்ட பயணம் போய் வந்திருக்கிறீர்கள்.

பள்ளி திறந்து மூன்றாம் வாரத்தில் மீண்டும் கணக்கிட்டு, இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். முடிந்தால் வகுப்பு நண்பர்கள் சேர்ந்து பட்டை வரைபடமாக வரைந்து, அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் உங்கள் கடிகாரம் பள்ளிக்குத் தயாராகிவிட்டது. வராவிட்டாலும் கவலை வேண்டாம். நாளைக் காலையில் 20 நிமிடம் முன்னதாக எழுந்து, வெளிச்சத்தில் போய் நில்லுங்கள்.